ஏரிக்கரை ஊரில் பெரியவர்களுக்குக் கலையும் படிப்பும்: எங்கே, எப்போது வைப்பது?

வடவாற்றுக்காரன்

வணக்கம். வீராணம் ஏரியின் கிழக்குக் கரையில் எங்கள் ஊர். லால்பேட்டைக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓர் இடம் தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடமும் இல்லை, டியூஷனும் இல்லை. பள்ளியை விட்டு முப்பது நாற்பது வருஷம் ஆனவர்களுக்கும் பள்ளிப் பக்கமே போகாதவர்களுக்கும். சாயங்காலம் வந்து உட்கார்ந்து கூத்துப் பாட்டு, தவில், பறை, கோலாட்டம், கூடவே எழுத்து, செல்போனில் பணம் அனுப்புவது, பத்திரம் படித்துப் புரிந்துகொள்வது என்று யாருக்கு எது வேண்டுமோ அது. சொல்லித்தர ஆள் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள்.

ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் தொகுத்து, ராகம் போட்டு, தன் சகோதரியின் மகன்கள் இருவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த நாதமுனிகள் காட்டுமன்னார்கோயில்காரர். அந்த வட்டாரத்தில் இன்றைக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் "இந்த வயசில் எதுக்கு" என்றுதான் கேட்கிறார்கள்.

ஒரு பழைய வீடும் கிடைத்திருக்கிறது. சென்னையில் இருக்கும் ஒருவர் வாடகை வேண்டாம், வெள்ளையடித்து வைத்துக்கொண்டால் போதும் என்கிறார். கட்டணம் வாங்கலாமா, சங்கமாகப் பதியவேண்டுமா, முதலில் எந்த வகுப்பைத் தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொள்ளிடத்து அக்கா

வீடு எந்தத் தெருவில்?

வடவாற்றுக்காரன்

கோயில் தெரு, அக்கா. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நாலைந்து வீடு தள்ளி. நல்ல முற்றம், பெரிய திண்ணை, கிணறு இருக்கிறது.

கொள்ளிடத்து அக்கா

அதுதான் கேட்டேன். தம்பி, கோபித்துக்கொள்ளாதே. முற்றம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, கோயில் தெருவுக்குள் சாயங்காலம் ஆறு மணிக்குக் காலனியிலிருந்து ஒரு பெண் தனியாக நடந்து வந்து அந்தத் திண்ணையில் உட்காருவாளா? "எல்லாரும் வரலாம்" என்று போர்டு வைப்பீர்கள். வரமாட்டார்கள். வராததற்கு "அவங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று நீங்களே காரணமும் சொல்லிவிடுவீர்கள். நந்தனார் பிறந்த ஆதனூர் உங்கள் பக்கம்தானே, உங்களுக்குத் தெரியாததா.

நான் மகளிர் குழுக்களோடு நெடுநாள் வேலை பார்க்கிறேன். ஒரு பெரிய தொண்டு நிறுவனம் எங்கள் ஊருக்கு வந்து பெண்களுக்குத் தையலும் எழுத்தும் சொல்லித்தருகிறோம் என்று ஒரு மாடி வீட்டைப் பிடித்தார்கள். படியேறிப் போகவேண்டும். கீழே வீட்டுக்காரர் குடும்பம் டிவி பார்த்துக்கொண்டு இருக்கும். அவர்கள் ஹாலைத் தாண்டித்தான் படி. ஒரு மாதத்தில் மிஷின் எல்லாவற்றுக்கும் துணி போட்டு மூடிவிட்டார்கள். மிஷினும் நல்ல மிஷின், டீச்சரும் நல்ல டீச்சர்.

இன்னொன்று. பெண்களுக்கு என்ன எழுத்து வேண்டும் என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். எங்கள் பக்கத்தில் "அ, ஆ" புத்தகத்தைக் கொண்டுபோனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாராவாரம் வசூலுக்கு வருகிறவர் குறித்துவிட்டுப் போகும் குழுக்கடன் அட்டையைக் கையில் எடுத்து, இதில் அசல் எது, வட்டி எது, மிச்சம் எத்தனை தவணை என்று விரலை வைத்துக் காட்டியபோது பாய் நிறைந்துவிட்டது. ஒரு ஆயா, அறுபத்தைந்து வயது இருக்கும், முதலில் படிக்கக் கற்றுக்கொண்ட எழுத்து அவர் பேரில் இல்லை, "நிலுவை"யில். அந்த "லு" வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது, ஸ்லேட்டில் போட்டுப் போட்டுப் பார்த்தார். அப்புறம் நகைக்கடன் ரசீது, பேங்க் சலான், ரேஷன் கடைக் குறுஞ்செய்தி என்று அவர்களே ஒவ்வொன்றாகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

பென்ஷன் வாத்தியார்

அக்கா சொன்ன இட விஷயத்தில் ஒரு பழைய கதையைச் சேர்க்கிறேன். இந்தியாவில் நூலகம் என்றாலே எஸ்.ஆர். ரங்கநாதன் பெயரைச் சொல்வார்கள். அவர் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர், நம் டெல்டாக்காரர். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் புத்தகமாக வந்த அதே 1931-இல்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் ஓடியது. வண்டிக்குள் அலமாரி, அலமாரியில் புத்தகம், ஊர் ஊராகப் போய் நிற்கும். ஓய்வு பெற்ற ஒருவர், கனகசபை என்று பெயர், முன்னின்று நடத்தினார். அன்றைக்கு ஊரில் ஒரு கட்டடத்தைக் கட்டியிருந்தால் எந்தத் தெருவில் கட்டியிருப்பார்கள், யார் உள்ளே போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வண்டிக்குத் தெரு கிடையாது, எல்லாத் தெரு முனையிலும் நிற்கும்.

அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் காலத்திலும் இதைப் பார்த்தேன். 1991-இல் புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை ஊரே பேசியது. எங்கள் மாவட்டத்தில் நான் தெருவிளக்குக் கம்பத்தின் கீழே பாடம் நடத்தியவன். நன்றாகத்தான் நடந்தது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த பிறகு அடுத்துப் படிக்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. இயக்கம் முடிந்தது, விளக்குக் கம்பம் மட்டும் நின்றது. இப்போதும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எழுத்தறிவுத் திட்டம் அரசுப் பள்ளிகளில் நடக்கிறது, தன்னார்வலர்கள் சொல்லித்தருகிறார்கள். அதோடு மோதாமல், அதை முடித்தவர்கள் அடுத்து வந்து சேரும் இடமாக உங்கள் இடம் இருந்தால் நல்லது.

ஏரிமீன்

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே. கோலாட்டம் முதல் பேங்க் வேலை வரை. ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கி மாட்டிவிட்டால் செலவு முடிந்தது.

கொள்ளிடத்து அக்கா

யூடியூபில் "தேடு" என்று எழுதத் தெரியவேண்டும் தம்பி.

சீவாளி

நான் நாகஸ்வரக் குடும்பம். திருவாவடுதுறைப் பக்கம். தவில், நாகஸ்வரம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள் என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். வெளிப்படையாகவே சொல்கிறேன், சாயங்காலம் ஒரு மணி நேரம், வாரம் மூன்று நாள் வந்தால் நாற்பது வயதுக்காரருக்கு நாகஸ்வரம் வராது. மூச்சு பழகவே வருஷக் கணக்கு ஆகும். "வந்து வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள்" என்று எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு, இரண்டு மாதம் ஊதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டால் அவமானப்படுவது வித்வான்தான்.

வேறொன்று செய்யலாம். கேட்கச் சொல்லிக்கொடுங்கள். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கிறோம், எத்தனை பேருக்கு அது மல்லாரி என்று தெரியும்? எந்த நேரத்துக்கு எந்த ராகம், ஏன் தாலி கட்டும்போது தவில் அப்படி அடிக்கிறது, ராகத்தை எங்கே நிறுத்துகிறோம், இதெல்லாம் தெரிந்த நாலு பேர் எதிரே உட்கார்ந்திருந்தால் வாசிக்கிறவனுக்குக் கை தானாக ஓடும். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் ராத்திரி முழுக்க நின்று கேட்ட கூட்டத்தில் எல்லோரும் சங்கீதம் படித்தவர்களா? வயல் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்தான்.

கையால் செய்யும் வேலையும் இருக்கிறது. சீவாளி, அதாவது நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் முனை, அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? காவிரிக் கரையில் வளரும் கொறுக்கந்தட்டையை வெட்டிக் காயவைத்து, நாள்பட வைத்திருந்து, நெல்லோடு சேர்த்து வேகவைப்பார்கள். வெந்த தட்டையைத் தட்டி, மடித்து, நூல் கட்டி, முனையைச் சீவிச் சீவி உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். தலைமுடி அளவு கூடச் சீவினால் தூக்கிப் போடவேண்டியதுதான். நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண், அந்த மாதிரி நாள்பட்ட மரம்தான் வேண்டும். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஆட்களை ஒரு நாள் கூப்பிட்டு ஊர் நடுவில் உட்காரவைத்து வேலை செய்யச் சொல்லுங்கள். மேடை, மாலை, பொன்னாடை எல்லாம் வேண்டாம். வேலையும் கேள்வியும் போதும். கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஒரு கச்சேரிக்கு வாங்குவதில் பாதியாவது கொடுக்காமல் யாரையும் கூப்பிடாதீர்கள். "கலைக்காக வாங்க" என்று எங்களை மட்டும்தான் கூப்பிடுவார்கள், பந்தல்காரரை யாரும் பந்தலுக்காகக் கூப்பிடுவதில்லை.

தப்படிக்கிறவன்

சீவாளி அண்ணனுக்காவது பாதிக் கூலி கேட்க வாய் இருக்கிறது. பறை சொல்லித்தர வாருங்கள் என்று இப்போது எல்லோரும் கூப்பிடுகிறார்கள், பட்டணத்தில் பெரிய மவுசு. ஊரில்? என் மாமா தோல் காய்ச்சுகிற சூட்டிலேயே சுருதி சொல்வார். வைக்கோல் தீயில் காட்டிவிட்டு ஒரு தட்டுத் தட்டுவார், இன்னும் கொஞ்சம் என்பார், போதும் என்பார். அவரை அந்த ஊர்த் திருவிழாவில் எங்கே நிற்கவைக்கிறார்கள், சாவு வீட்டில் எங்கே உட்காரவைக்கிறார்கள் என்று வடவாற்றுக்காரருக்குத் தெரியும். உங்கள் இடத்தில் அவரை "மாஸ்டர்" என்று நாற்காலி போட்டு உட்காரவைத்து, கோயில் தெருப் பையன் கீழே உட்கார்ந்து கற்றுக்கொள்வானா? கற்றுக்கொள்வான் என்றால் நாங்கள் வருகிறோம், கூலி அப்புறம் பேசலாம். இல்லை, பறை வகுப்பைக் காலனியிலும் பாட்டு வகுப்பைக் கோயில் தெருவிலும் வைப்பதென்றால் அது இப்போதே நடக்கிறது, அதற்கு ஒரு சங்கம் வேண்டாம்.

வடவாற்றுக்காரன்

தப்படிக்கிறவர் கேட்டதற்கு என்னால் ஊர் சார்பாக "ஆமாம்" சொல்ல முடியாது. எங்கள் ஏழெட்டுப் பேர் சார்பாகச் சொல்கிறேன், நாற்காலி உண்டு, முதல் ஆளாக நான் கீழே உட்காருகிறேன். வீட்டு விஷயத்தைத் திரும்பப் பேசுகிறோம்.

நேரம் பற்றி யாராவது சொல்லுங்களேன். வருஷம் முழுக்க நடத்தலாம் என்று நினைத்திருந்தோம்.

கட்டைக் கூத்து

வருஷம் முழுக்கவா! எங்கள் ஆட்கள் எப்போது ஊரில் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? மாசி பங்குனியில் கிளம்பினால் ஆடி வரைக்கும் கூத்துதான். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. வயல் வேலை இல்லாமல் ஜனங்கள் சும்மா இருப்பது சித்திரை வைகாசியில். நாங்கள் சும்மா இருப்பது புரட்டாசிக்கு மேல். அப்போது உங்கள் ஜனங்கள் முழங்கால் சேற்றில் நடவில் இருப்பார்கள். கற்றுக்கொள்கிறவனுக்கு ஓய்வு இருக்கும்போது வாத்தியாருக்கு இல்லை, வாத்தியாருக்கு இருக்கும்போது இவனுக்கு இல்லை. இந்த ஒரு சிக்கலில்தான் எத்தனையோ பயிற்சி வகுப்பு படுத்தது. அதிகாரிகள் நிதியாண்டைப் பார்த்துத் தேதி வைப்பார்கள்.

பாட்டும் அடவும் சொல்லித்தருவதற்கு முன்னால் கட்டை செய்யச் சொல்லித்தரலாம் என்பது என் யோசனை. கிரீடம், புஜகீர்த்தி எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவது. எடை தெரியாது, ராத்திரி முழுக்கத் தலையிலும் தோளிலும் கட்டிக்கொண்டு ஆடவேண்டுமே. செதுக்கி, காகிதம் ஒட்டி, ஜிகினாவும் கண்ணாடித் துண்டும் பதிப்போம். இதற்குக் குரல் வேண்டாம், வயது வேண்டாம், உட்கார்ந்தே செய்யலாம், பெண்களும் செய்யலாம். பழைய செட்டுகளைப் பழுது பார்க்கவே ஆள் கிடைப்பதில்லை.

கோபன்ஹேகன் குளிர்

நான் திருவாரூர்க்காரன், இப்போது டென்மார்க்கில். நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இங்கே பெரியவர்களுக்கான மக்கள் கல்லூரிகள் என்று ஒரு பழக்கம் உண்டு. குருண்ட்விக் என்ற பாதிரியாரின் யோசனை, முதல் கல்லூரி 1844-இல் ரோடிங்கில். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. பாட்டு, சரித்திரம், பேச்சு. ஆரம்ப காலத்தில் விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தான் வந்தார்கள், அதனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை, நிலம் உறைந்து கிடக்கும்போது ஆண்களுக்கு வகுப்பு, கோடையில் பெண்களுக்கு. பயிர் எப்போது ஆளை விடுகிறதோ அப்போது பள்ளி. அமெரிக்காவில் சுபீரியர் ஏரிக்கரையில் கிராண்ட் மரே என்ற சின்ன ஊரில் 1997-இல் இதே பாணியில் ஒன்று தொடங்கினார்கள். படகு கட்டுவது, கூடை பின்னுவது, மரம் செதுக்குவது என்று அந்த ஏரிக்கரையின் கைவேலைகளைச் சொல்லித்தருகிறார்கள். அங்கே கட்டணம் உண்டு, வெளியூரிலிருந்து வந்து தங்கிக் கற்றுக்கொள்கிறவர்கள் கட்டுகிற பணம்.

ஏரிமீன்

வீராணத்துக்கு யார் தங்கிப் படிக்க வரப்போகிறார்கள்? சென்னைக்காரர்களுக்கு 2004-லிருந்து குழாயில் தண்ணீர் போகிறது, ஆளே வரவேண்டியதில்லை.

கோபன்ஹேகன் குளிர்

சிரித்துவிட்டேன். ஆனால் தண்ணீர் குடிக்கிற ஊர் ஒரு வகுப்புக்குச் செலவு கொடுத்தால் என்ன தப்பு?

கட்டைக் கூத்து

சரி, நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும், கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு வந்து, ஏரியிலிருந்து பாசனத்துக்கு மதகு திறப்பதற்குள் ஆவணி கூட ஆகிவிடுகிறது. புரட்டாசி ஐப்பசி நடவு, களை. கார்த்திகையில் மழை, வெள்ளம் வடிகிற கவலை. மார்கழியில் பயிர் கதிர் விட்டு நிற்கும், பார்த்துக்கொண்டு இருப்பதுதான் வேலை. தையில் அறுவடை, உடனே உளுந்து, பயறு. மார்கழியில் கல்யாணம் கிடையாது, சீவாளி அண்ணன் ஆட்களுக்கு விடியற்காலை திருப்பள்ளியெழுச்சியை விட்டால் சாயங்காலம் சும்மா. எங்களுக்கும் கூத்து இல்லை. எல்லோருக்கும் கை காலியாக இருக்கிற ஒரே மாதம் மார்கழி.

சீவாளி

சரியான கணக்கு. பனியில் தோல் வாத்தியம்தான் கொஞ்சம் மக்கர் பண்ணும்.

தப்படிக்கிறவன்

அதுக்குத்தான் வைக்கோல் தீ இருக்கிறதே அண்ணே.

கணக்குப்பிள்ளை

பதிவு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியவேண்டும். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்யவேண்டும். நிறையப் பேர் ஜோராகப் பதிந்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள், அப்புறம் மானியம் கேட்கப் போகும்போது அபராதம் கட்டுவார்கள். முதல் வருஷம் பதியாமலே நடத்துங்கள் என்பேன். ஒரு நோட்டில் யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். ஒரு மார்கழி தாண்டியும் ஆள் வந்தால் பதியலாம். அந்த ஏழு பேரில் எல்லாத் தெருவும் இருக்கட்டும், பைலாவில் "அனைவருக்கும்" என்று எழுதுவதைவிட அதுதான் வேலை செய்யும்.

பென்ஷன் வாத்தியார்

புத்தகத்துக்குப் பணம் தேடாதீர்கள். நூலக வரி என்று சொத்து வரியோடு நாம் எல்லோரும் கட்டுகிறோம். கிளை நூலகரைப் பிடியுங்கள், மார்கழி மாதம் மட்டும் ஒரு பெட்டிப் புத்தகம் அனுப்பிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பெரிய எழுத்துப் புத்தகமாக.

கொள்ளிடத்து அக்கா

பெண்களுக்கு ஒரு பேச்சு. வகுப்பு ஏழரைக்குள் முடியவேண்டும், அதற்கு மேல் உலை வைக்கவேண்டும். பக்கத்து ஊர்ப் பெண்கள் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் வந்துவிடுவார்கள், திரும்பிப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துத்தான் நேரம் வைக்கவேண்டும். அப்புறம் கழிப்பறை. எங்கே இடம் பிடித்தாலும் அதை முதலில் பாருங்கள். கிணறு அழகு பார்க்க உதவும்.

வடவாற்றுக்காரன்

நேற்று உட்கார்ந்து பேசினோம். கோயில் தெரு வீடு வேண்டாம் என்று முடிவு, அவரிடம் பக்குவமாகச் சொல்லியாயிற்று, சாமான் போட்டுவைக்க மட்டும் ஓர் அறை கொடுக்கிறார். அப்புறம்தான் எங்களில் ஒருவர் கேட்டார், நெல் கொள்முதல் நிலையம் மார்கழியில் என்ன செய்கிறது என்று. ஒன்றும் செய்யவில்லை! எங்கள் ஊரில் அதற்குச் சொந்தக் கட்டடம், சிமெண்டுக் களம், தகரக் கூரை போட்ட ஒரு பக்கம், வெளியே கழிப்பறை. மெயின் ரோட்டில், ஊருக்கும் காலனிக்கும் நடுவில். மூட்டை போட எல்லாத் தெருக்காரர்களும் வந்து ராத்திரி படுத்துக் கிடக்கும் இடம், அங்கே உட்கார யாரும் யோசிக்கமாட்டார்கள். தை அறுவடைக்குத்தான் திறப்பார்கள். களம் பஞ்சாயத்து நிலம் என்கிறார்கள், தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், கொள்முதல் நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழக அலுவலகத்திலும் கேட்கவேண்டும்.

மார்கழி ஒரு மாதம் மட்டும். முதல் வாரம் கடன் அட்டையும் ரசீதும், அக்கா வந்து நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்து கட்டை செதுக்குவது. பறை நடுவில், களத்தின் நடுவில். நாகஸ்வரம் கேட்கும் வகுப்பு சனிக்கிழமைகளில். கட்டணம் இல்லை, வருகிறவர்கள் படி அரிசியோ பத்து ரூபாயோ போடலாம், வாத்தியார் கூலிக்கு நாங்கள் பொறுப்பு.

கணக்குப்பிள்ளை

களத்துக்குக் கரண்ட் எங்கிருந்து எடுக்கப்போகிறீர்கள்?

வடவாற்றுக்காரன்

பக்கத்தில் தெருவிளக்குக் கம்பம் இருக்கிறது...

கணக்குப்பிள்ளை

கொக்கி போட்டீர்கள் என்றால் முதல் நாளே சங்கம் முடிந்தது. மின்வாரிய அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள், கார்த்திகையிலேயே கொடுத்துவிடுங்கள், வெள்ளம் வந்தால் அவர்கள் ஆளைப் பிடிக்க முடியாது.

ஏரிமீன்

என்னிடம் சார்ஜ் பண்ணுகிற எல்இடி விளக்கு நாலு இருக்கிறது, இறால் குட்டைக்கு வாங்கியது. மார்கழிக்குக் கொடுக்கிறேன். டிவி வேண்டாம்தானே?